சொளகும் சங்கும் சேலை கட்டிய மீனும்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் வேறு மொழிக்காரர்களோடு சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் கேள்வி அனுப்பலாம் என்று எழுதியிருந்தோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றில் வங்காளிக் கல்யாணம் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில். எல்லாக் கடிதங்களுக்கும் சூழல் ஏறக்குறைய ஒன்றுதான்: பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை, பெண் வங்காளி, கல்யாணம் அங்கேயே.

வரும் தை மாதம் என் மகனுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். மண்டப வாசலில் தாம்பாளத்தோடு நாங்கள் நிற்பதா, பெண் வீட்டார் நிற்பதா? யார் யாரை வரவேற்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

எந்த நாள் யாருடையது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வங்காளிகளுக்குக் கல்யாண ராத்திரி பெண் வீட்டார் விருந்து. அன்றைக்கு நீங்கள் ‘போர்ஜாத்ரி’, மாப்பிள்ளையோடு வரும் விருந்தாளிகள். நீங்கள் வாசலில் தாம்பாளம் ஏந்தி நின்றால், அவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டது போலாகிவிடும். மூன்றாம் நாள் நடக்கும் ‘பௌபாத்’ விருந்துதான் உங்களுடையது. அங்கே வாசல் உங்கள் பொறுப்பு.

மாப்பிள்ளையை வாசலில் வரவேற்பதற்குப் ‘போரோன்’ என்று பெயர். அதற்கு அவர்கள் கையில் எடுப்பது நம்ம ஊர்ச் சொளகேதான். ‘குலோ’ என்பார்கள். அரிசி மாவுக் கோலம் எழுதிய சொளகில் அகல் விளக்கு, நெல், அறுகம்புல், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், சந்தனம், சிந்தூரம், ஓர் இனிப்பு எல்லாம் இருக்கும். கார் வந்து நின்றதும் சங்கு ஊதுவார்கள், பெண்கள் குலவையிடுவார்கள். பெண்ணின் அம்மா அல்லது மூத்த சுமங்கலி ஒருவர் சொளகை மாப்பிள்ளை முன்னால் சுற்றுவார். வெற்றிலையை விளக்குச் சூட்டில் லேசாகக் காட்டி அவன் இரண்டு கன்னத்திலும் ஒற்றுவார். நெல்லும் அறுகும் தலையில் விழும். கடைசியில் வாயில் இனிப்பு, ஒரு மடக்குத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இது கெட்டுப்போவது பெரும்பாலும் நம் பக்கத்தால்தான். வெயிலுக்கோ மழைக்கோ பயந்து பையனை நேராக ஏசி மண்டபத்துக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுவார்கள். சொளகோடு நின்றவர் நின்றபடியே இருப்பார். மாப்பிள்ளைக் காரில் ஒரு பெரியவர் இருந்து, ‘யாரும் கூப்பிடாமல் இறங்காதே’ என்று சொல்லட்டும். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு நேராக விளக்கை வைத்தால் காற்றில் அணைந்துவிடும். கதவிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி, பக்கவாட்டில் செய்யச் சொல்லுங்கள். சடங்கு பத்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் மற்ற விருந்தாளிகள் நுழைய வேறு கதவு திறந்திருக்க வேண்டும்.

இனி பௌபாத் அன்று உங்கள் வாசல். பன்னீர், பூ, குளிர்ந்த சர்பத் என்ற வரிசை அவர்களுக்கும் பழக்கம்தான். ஆளுக்கொரு ரோஜாவோ நிலச்சம்பங்கித் தண்டோ கொடுக்கலாம். நிலச்சம்பங்கியை அவர்கள் ரஜனிகந்தா என்பார்கள், வங்காளிக் கல்யாணத்துக்கு அந்த வாசனை இல்லாமல் தீராது. குங்குமத்தில் மட்டும் கவனம். வகிட்டில் சிந்தூரம் வைப்பது அவர்களிடம் கல்யாணமான பெண்ணுக்கு மட்டுமே. நம் பெண்கள் பாசத்தில் கன்னிப் பெண்ணின் வகிட்டிலும் தொட்டு வைத்துவிட்டால் தர்மசங்கடம். சிமிழைத் தட்டில் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பன்னீர்ச் செம்பை முந்தின நாளே வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். பழைய பன்னீர் காய்ந்து மூக்கிலுள்ள துளைகளை அடைத்திருக்கும். அடைத்த செம்பை உதறினால் தெளிக்காது, ஒரே இடத்தில் கொட்டும். நிறம் போட்ட பன்னீர் பட்டில் கறை விடும், நிறமில்லாததாக வாங்குங்கள். 150 பேருக்கு வாசலில் நான்கு பேர் தேவை: பூவுக்கு இருவர், சர்பத்துக்கு ஒருவர், கூட்டிப்போய் உட்கார வைக்க ஒருவர். நான்காவது ஆள்தான் முக்கியம், எல்லாரும் மறப்பதும் அவரைத்தான். பெரியவர்கள் வந்தால் ‘ஆஷுன், போஷுன்’ என்றால் போதும். வாங்க, உட்காருங்க என்று அர்த்தம். சம்பந்தியை ‘பேயாய்’ என்றும் சம்பந்தியம்மாவை ‘பேயான்’ என்றும் கூப்பிடுவார்கள். காதில் விழுந்ததும் திடுக்கிட வேண்டாம்!

மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்தைப் பார்க்கக் கூடாதாமே? டிக்கெட் போட்டுச் சிங்கப்பூர் போய் நான் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பதா?
– வாசகி, தேவிபட்டினம்

வழக்கம் அப்படித்தான். பையனைப் பெற்றவள் வீட்டில் இருந்து மருமகளை எதிர்கொள்வாள், கல்யாணத்துக்குப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவளும் சடங்கைப் பார்க்க மாட்டாள். கண் பட்டுவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இப்போது பல குடும்பங்களில் இது தளர்ந்துவிட்டது, கடல் கடந்து வந்த அம்மாவை யாரும் அறையில் உட்காரச் சொல்லப்போவதில்லை. ஆனால் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், பெண்ணின் அம்மா ஒதுங்கி நின்றால் போட்டோவுக்காகக் கையைப் பிடித்து மணவறைக்கு இழுக்காதீர்கள். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, வழக்கத்தைக் காப்பாற்றுகிறார்.

புறப்படும்போது மகன் அம்மாவிடம் ‘உனக்கு ஒரு தாசியைக் கூட்டிவரப் போகிறேன்’ என்று சொல்லும் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. வேலைக்காரி என்ற பொருளில். இன்றைக்கு நிறைய பேர் அதை விட்டுவிட்டார்கள். புரோகிதர் எடுத்துக்கொடுத்தாலும் உங்கள் மகன் சொல்லத் தேவையில்லை.

ஜூலை 28 என்று நாள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். அது ஆடி! தெரிந்துதான் செய்கிறார்களா?
– வாசகர், தொண்டி

தெரியாமல் செய்திருப்பார்கள். நம் ஆடி அவர்களுக்கு ஷ்ராபோன், கல்யாணத்துக்கு ஆகும் மாதம். நமக்கு நல்லதான ஆவணி அவர்களுக்குப் பாத்ரோ, ஆகாது. ஐப்பசியும் பங்குனியும் அப்படியே. மார்கழியும் புரட்டாசியும் இரண்டு பேருக்கும் ஆகாது. தை, வைகாசி, ஆனி, கார்த்திகை என்று கேளுங்கள், இரு பக்கமும் ஒத்துவரும். லக்னம் பெரும்பாலும் பொழுது சாய்ந்து அல்லது ராத்திரியில்தான் வரும், காலை முகூர்த்தம் எதிர்பார்க்க வேண்டாம்.

ராமேஸ்வரம் கடைகளில் சங்கு வளையல் கிடைக்கிறதே, மருமகளுக்கு நாங்களே வாங்கிப் போடலாமா? வங்காளிகளுக்குச் சங்கு வளையல்தான் தாலி மாதிரி என்கிறார்கள்.
– வாசகர், மண்டபம்

கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். வங்காளி மணப்பெண் போடும் ‘ஷாங்கா’ வளையலுக்கு மூலப்பொருளே மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் தரும் சங்குதான். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் குளித்தெடுத்த சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போனது. அங்கே டாக்காவின் சங்காரி பஜாரிலும் விஷ்ணுபூரிலும் அதை அறுத்து வளையாக்குவதற்கென்றே ஒரு சமூகம் இருந்தது. மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்த வியாபாரத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நம் கடலில் முழுகி எடுத்தது அவர்கள் மணவறையில் போய் ஏறுகிறது.

ஆனால் நீங்கள் வாங்கிப் போடக் கூடாது. வெள்ளை ஷாங்காவும் சிவப்புப் ‘போலா’வும் பெண் வீட்டுச் சீர். கல்யாண நாள் விடியற்காலையில், தயிரும் அவலும் கொடுத்து உண்ணாநோன்பு தொடங்கும் நேரத்தில் அவர்களே போட்டுவிடுவார்கள். மாமியார் போட வேண்டியது மூன்றாவது வளை: ‘லோஹா’ அல்லது ‘நோவா’ எனப்படும் இரும்பு வளை. மருமகள் வாசலில் வந்து நிற்கும்போது இடது கையில் நீங்கள் போட வேண்டும். வெறும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் தங்கத் தகடு சுற்றிச் செய்வார்கள். ராமநாதபுரத்துப் பத்தரிடமே கொடுக்கலாம். இரும்பு உள்ளே இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுத் தங்கத்தில் அழகாக ஒரு வளையைச் செய்து கொடுத்துவிடுவார், அது லோஹா ஆகாது.

அளவில்தான் எல்லாரும் தடுக்குவார்கள். நம் கடைக் கணக்கில் 2.4 என்றால் உள் விட்டம் இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. சங்கும் இரும்பும் கண்ணாடி வளையலை விடத் தடிமன், கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. கண்ணாடி வளையல் 2.4 போடுகிற கைக்கு 2.6 வாங்குங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, கை முட்டியில் சோப்பு நுரை தடவி ஏற்ற வேண்டும். அவசரத்தில் அழுத்தினால் சங்கு விண்டுபோகும். விண்டால் ‘உடைந்தது’ என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், ‘பெருகியது’ என்ற பொருளில்தான் சொல்வார்கள். நம்மில் தாலிச் சரடு அறுந்தால் ‘பெருகிவிட்டது’ என்கிறோமே, அதேதான்.

சங்கு கொடுத்தே தீர வேண்டும் என்று ஆசையாக இருந்தால் ஊதுசங்கு ஒன்று கொடுங்கள். அதற்கு வாசலில் வேலை இருக்கிறது. கடையிலேயே ஊதிப் பாருங்கள். நுனி அறுத்துத் துளையின் விளிம்பு வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். நுனி அறுக்காதது தீர்த்தச் சங்கு, எவ்வளவு ஊதினாலும் சத்தம் வராது. சில கடல் சங்கு வகைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடைச் சீட்டில் சங்கின் பெயரை எழுதி வாங்கி, பெட்டியில் சங்கோடு வையுங்கள்.

மணப்பெண் சடங்கில் குலவை போடுவார்களாமே, நாங்களும் சேர்ந்து போடலாமா?
– வாசகி, பாம்பன்

தாராளமாக. அவர்கள் ‘உலு’ என்பார்கள், நாக்கைப் புரட்டும் விதமும் நம் குலவையும் ஒன்றுதான். நீளம் மட்டும் அவர்களுடையது குறைவு. பெண்ணை மணையில் உட்கார வைத்துச் சகோதரர்கள் தூக்கிவந்து மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று போடுங்கள். வெற்றிலையால் முகத்தை மறைத்திருப்பாள். இலையை விலக்கி இருவரும் பார்த்துக்கொள்ளும் கணத்தில் பெரிதாக ஒன்று. மந்திரம் ஓடும்போது வேண்டாம்.

காலையில் மீனுக்குச் சேலை கட்டி அனுப்ப வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். விளையாட்டா, நிஜமா?
– வாசகர், ஏர்வாடி

நிஜம். கல்யாண நாள் காலை மாப்பிள்ளை உடம்பில் தொட்ட மஞ்சளைப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள், அதோடு ‘தத்தோ’ என்னும் சீர்த்தட்டுகளும் போகும். அவற்றில் நடுநாயகம் ஒரு முழு ரோகு மீன். சேலை கட்டி, சிந்தூரம் வைத்து, மூக்குத்தி மாட்டி, மணப்பெண் மாதிரியே ஜோடிப்பார்கள். கடல் மீன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இடத்தில் ரோகுதான்.

இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் விசாரியுங்கள், பெரும்பாலும் உறைந்த மீனாகத்தான் வரும். 3 கிலோ மீன் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக ஒரு நாள் முழுக்க ஆகும். வெளியில் வைத்து அவசரமாக இளக்கினால் மேல் தோல் கெட்டு நாறும், உள்ளே கல்லாக இருக்கும். துடைத்து உலர்த்தி, தட்டில் பனிக்கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் வாழையிலை, அப்புறம் மீன். பட்டுச் சேலையைச் சுற்றிவிட்டால் அந்தச் சேலை போனதுதான். முக்கால் மீட்டர் ஜரிகைத் துணி போதும். வீட்டில் மீன் ஆகாதவர்கள் சந்தேஷ் இனிப்பை மீன் வடிவில் அச்சிட்டு அனுப்புவதும் உண்டு.

நண்பர் மகன் கல்யாணத்துக்கு 12 பேர் போகிறோம். எங்களுக்கு ஹலால் வேண்டும். கூட வருகிற அவருடைய பெரியப்பா சுத்த சைவம். பந்தியில் என்ன எதிர்பார்க்கலாம்?
– வாசகர், கீழக்கரை

ஹலால் சிக்கலில்லை, சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையல்காரர்கள் நிறைய. முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். சைவப் பெரியவர்தான் கவனிக்கப்பட வேண்டியவர். வங்காளிப் பருப்பில் மீன் தலை கிடக்கலாம், முட்டைக்கோஸ் பொரியலிலும் கிடக்கலாம். ‘வெஜ்’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘நிராமிஷ்’ என்று சொன்னால் வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் தனியாகச் செய்து தருவார்கள்.

சாப்பிட யாரும் சடங்கு முடியக் காத்திருப்பதில்லை. எட்டு மணிக்குப் பந்தி ஓடத் தொடங்கிவிடும், சிந்தூரம் வைக்கப் பதினொன்று ஆகலாம். சாப்பிட்டுவிட்டு இடையில் கிளம்பினால் மரியாதைக் குறைவு இல்லை. இலையில் பூரி போன்ற லுச்சி, தேங்காய்ச் சில்லு போட்ட கடலைப்பருப்பு, கத்தரிக்காய் வறுவல், மீன், கறி என்று ஒவ்வொன்றாக வரும். அப்பளமும் தக்காளி–பேரீச்சைச் சட்னியும் கடைசியில், இனிப்புக்கு முன்னால்தான். முதலிலேயே ‘அப்பளம் எங்கே’ என்று கேட்டுப் பரிமாறுகிறவரைக் கலவரப்படுத்தாதீர்கள். அந்தச் சட்னி இனிக்கும், தொட்டுக்கொள்ள அல்ல.

ஒன்று மட்டும்: சர்தாப் புகையிலை போட்ட பான் யாரும் கொண்டுபோக வேண்டாம். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை.

கல்யாணம் சிங்கப்பூரில், பௌபாத் எங்கள் ஊரில். 100 பேர், அதில் 30 பேர் கொல்கத்தாவிலிருந்து. நம்ம ஊர்ச் சமையல்காரர்தான். என்ன சொல்லிக் கொடுப்பது?
– வாசகி, உச்சிப்புளி

வந்து இறங்கியதும் டீ. கடற்கரை உப்புத் தண்ணீரில் போட்டால் பால் திரிந்தாற்போல் ஆகும், கேன் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

லுச்சி ஆளுக்கு மூன்று, 300-க்கு மைதா ஆறரை முதல் 7 கிலோ. கிலோவுக்கு 60 கிராம் நெய் பிசறி, அரை மணி நேரம் ஊற விடணும். லுச்சி வெள்ளையாக உப்ப வேண்டும், அதனால் மாவில் சர்க்கரை போடக் கூடாது, சிவந்துவிடும். முன்கூட்டிச் சுட்டு அடுக்கினால் தோல் மாதிரி ஆகும், பந்தி நடக்கும்போதே சுட்டுப் போடுங்கள். கடலைப்பருப்பு 4 கிலோ. மீன் வறுவலுக்கு அவர்கள் பேட்கி என்பது நம் கொடுவாதான்: ஆளுக்கு 80 கிராம் முள்ளில்லாத துண்டு என்றால் 8 கிலோ. முழு மீனாக 18 முதல் 20 கிலோ வாங்கினால்தான் அது தேறும். ஆட்டுக்கறி எலும்போடு 15 கிலோ. புலாவுக்கு அவர்கள் கோபிந்தபோக் அரிசி போடுவார்கள். சீரகச் சம்பா 8 கிலோ, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இறால் மலாய்க்கறியில்தான் நம் சமையல்காரர் கை துறுதுறுக்கும். மல்லித் தூளும் புளியும் கிட்டவே வரக் கூடாது. இஞ்சி, வெங்காயம், பட்டை–ஏலம், துளி சர்க்கரை, தேங்காய்ப்பால். 200 இறாலை ஒரே அண்டாவில் போட்டால் அடுப்பை அணைத்த பிறகும் சூட்டில் வெந்து ரப்பராகும். அரை நிலா போல் வளைந்ததும் இறக்கி, அகலமான இரண்டு பாத்திரத்தில் மாற்றச் சொல்லுங்கள்.

இனிப்புத் தயிருக்கு 15 லிட்டர் பாலை 10 லிட்டருக்கு வற்றவைத்து, ஒன்றரைக் கிலோ சர்க்கரை. அதில் கால் பங்கைக் கருக்காமல் பாகாக்கிச் சேர்த்தால் நிறம் வரும். கை பொறுக்கும் சூட்டில் 250 கிராம் கெட்டித் தயிர் கலந்து நேராகச் சின்ன மண் கிண்ணத்தில் ஊற்றுங்கள். உறைந்த பிறகு இடம் மாற்றினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், ஆகவே மண்டபத்திலேயே உறைய வையுங்கள், ஏசி அறையில் வேண்டாம். அவர்கள் குளிர்காலத்தில் ஈச்சவெல்லம் போடுவார்கள். நம் பனங்கருப்பட்டியில் செய்ய ஆசைப்பட்டால், வேறு ருசி என்றாலும் நன்றாகவே இருக்கும். கருப்பட்டியைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரியும். தனியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டும் ஆறிய பிறகு சேருங்கள்.

விருந்துக்கு முன்னால் ஒரு சின்னச் சடங்கு: உங்கள் மகன் சோறும் சேலையும் வைத்த தட்டை மனைவி கையில் கொடுத்து, உன் சோற்றுக்கும் துணிக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். பிறகு மருமகள் எல்லார் இலையிலும் நெய்ச்சோறு பரிமாறுவாள். முதல் பந்தியில் 15, 20 பெரியவர்களை மட்டும் உட்கார வையுங்கள். பட்டுப்புடவையோடு 100 இலைக்கு அந்தப் பிள்ளை குனிந்து நிமிர முடியாது.

மருமகள் வீட்டுக்கு வரும்போது பால் பொங்க வேண்டும், கையில் உயிர் மீன் வேண்டும் என்கிறார்கள்...
– வாசகி, பெரியபட்டினம்

அரை லிட்டர் பால் சின்னப் பாத்திரத்தில் பொங்க ஐந்தாறு நிமிடம் ஆகும். கார் தெரு முனைக்கு வந்ததும் அடுப்பை மூட்டுங்கள், அவள் வந்து பார்க்கும்போது பொங்கும். மீன் கண்மாய் மீனாக இருக்கட்டும், சின்ன விரால் நல்லது, தண்ணீரை விட்டு எடுத்தாலும் தாங்கும். கடல் மீன் கைக்கு வருமுன் செத்துவிடும். ஆல்தா என்னும் சிவப்புச் சாயமும் பாலும் கலந்த தட்டில் கால் வைத்து வெள்ளைத் துணியில் நடந்து வருவாள். மொசைக் தரையில் அது வழுக்கும், துணியின் நாலு மூலையையும் டேப் ஒட்டிவிடுங்கள். அன்று ராத்திரி ‘கால்ராத்ரி’, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. நம் பக்கத்தில் அன்றைக்கே சாந்தி முகூர்த்தம் குறித்திருந்தால் ஒரு நாள் தள்ளிவிடுங்கள்.

மண்டபம், பதிவு இவற்றில் கவனிக்க வேண்டியது?
– வாசகர், ராமேஸ்வரம்

சிங்கப்பூரில் கோயில் மண்டபம் என்றால் சைவம்தான், மீனும் கறியும் பரிமாற முடியாது. ஹோட்டலில் ஹோமத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகை உணர்கருவி ஒலித்தால் சடங்கு நடுவில் நிற்கும். பெண்ணின் சகோதரன் எடுத்துக்கொடுக்கும் நெற்பொரி தீயில் விழும்போதுதான் புகை அதிகம். நெய்யைச் சின்னக் கரண்டியால் விடச் சொல்லுங்கள். சடங்கு மட்டும் போதாது, திருமணப் பதிவகத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

மொய் நோட்டு?
– வாசகர், பனைக்குளம்

வாசலில் மேஜை போட்டு எழுதாதீர்கள், அவர்கள் உறையையும் பரிசையும் மணப்பெண் கையில்தான் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கான நோட்டைப் பந்தி முடிந்து வரும் வழியில், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.